குறைக்கலாம், ஆனால் எங்கே? கார் காப்பீட்டின் இரண்டு கணக்குகள்

கார் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் பிரீமியம் ஒரே தொகையாகத் தோன்றினாலும், அது இயல்பில் வேறுபட்ட இரண்டு ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை என்பதும், அவற்றுள் ஒன்றின் விலையை அரசும் மற்றதன் விலையைச் சந்தையும் தீர்மானிக்கின்றன என்பதும் கார் வாங்குவோரில் பெரும்பாலோருக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை. ஷோரூமில் வண்டியின் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ஒற்றை வரியாக எழுதப்படும் காப்பீட்டுத் தொகை, ‘ஆன் ரோடு’ விலை என்ற மொத்தத்துக்குள் கரைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் வேளை வந்ததும் கைப்பேசியில் நான்கைந்து நிறுவனங்களின் தொகைகளை வரிசையாகப் பார்த்து, ஆகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம் என்று கருதப்படுகிறது. அந்தத் தொகை எதைக் கழித்ததால் குறைந்தது என்ற கேள்வி, பெரும்பாலும் விபத்துக்குப் பிறகு சர்வேயர் எழுதித் தரும் மதிப்பீட்டைப் பார்க்கும்போதுதான் எழுகிறது.

இவ்விரு ஒப்பந்தங்களில் முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு. காரின் உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு; இவ்விருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அந்தக் காரால் உயிரையோ உடல்நலத்தையோ உடைமையையோ இழப்பவர் மூன்றாம் தரப்பு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, இந்தக் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வாகனத்தை ஓட்டவோ பிறரை ஓட்ட அனுமதிக்கவோ கூடாது என்கிறது. மீறுவோருக்கு முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க 196ஆம் பிரிவு இடமளிக்கிறது. இரண்டாவது ஒப்பந்தமாகிய சொந்தச் சேதக் காப்பீடு, உரிமையாளரின் சொந்தக் காருக்கு மோதல், தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் நேரும் இழப்பை ஈடுசெய்வது. இதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டும் சேர்ந்த பாலிசியையே மெக்கானிக் ஷெட்டிலும் ஷோரூமிலும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்றும் ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’ என்றும் சொல்கிறார்கள்.

மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையில் பேரம் பேச இடமே இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து ஒன்றிய அரசு அறிவித்து 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, என்ஜின் கொள்ளளவு 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு இதில் 15 சதவீதச் சலுகை உண்டு. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். பொதுத்துறை நிறுவனமோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனமோ, அலுவலகமே இல்லாமல் செயலி வழியாக மட்டும் விற்கும் புதிய நிறுவனமோ, யாரிடம் வாங்கினாலும் இத்தொகை மாறாது. ஆகவே இதைவிடக் குறைத்துத் தருவதாக ஒருவர் சொன்னால் அவர் தரும் காகிதம் உண்மையான பாலிசிதானா என்று ஐயப்படுவதே முறை. பாலிசியில் அச்சிடப்பட்டிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தோ, எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுப் பார்த்தோ அதைச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிட முடியும்.

இந்தச் சிறு தொகை எத்தகைய சுமையிலிருந்து உரிமையாளரைக் காக்கிறது என்பதை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் கணக்குமுறை தெளிவாகக் காட்டுகிறது. 2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, இறந்தவரின் மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக ஒரு பங்கு கூட்டப்பட்டு, அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பகுதி கழிக்கப்பட்டு, எஞ்சிய ஆண்டுத் தொகை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கப்படுகிறது. மாதம் 30,000 ரூபாய் ஈட்டிவந்த, சுயதொழில் செய்த 35 வயதுக்காரர் ஒருவர், மனைவி, இரு குழந்தைகள், தாய் என்று தம்மை நம்பியிருந்த நால்வரை விட்டு இறந்தால், வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டி 42,000 ரூபாய் என்றும், அதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்து 31,500 ரூபாய் என்றும் கொண்டு, அதைப் பன்னிரண்டு மாதங்களாலும் பெருக்கெண் 16ஆலும் பெருக்கினால் 60,48,000 ரூபாய் வருகிறது. ஈமச்செலவு உள்ளிட்ட பிற இனங்களும் வட்டியும் இதற்கு மேல் சேரும். இறப்புக்கும் உடற்காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு இல்லை என்பதால் நிறுவனமே முழுத்தொகையையும் செலுத்துகிறது. பாலிசி இல்லாத உரிமையாளர் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கட்ட வேண்டியிருக்கும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே இதுவே அதிகம். அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். ஆனாலும் முதல் ஆண்டு முடிந்ததும் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடும் வழக்கம் பரவலாக இருந்ததால், கோயம்புத்தூர் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தலையிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தவணையில் எடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதனால் புதிய கார் உரிமையாளருக்கு ஒரு வசதியும் ஒரு குழப்பமும் சேர்ந்தே வந்தன. மூன்றாம் நபர் பகுதி மூன்றாண்டுகள் நீடிக்க, சொந்தச் சேதப் பகுதி மட்டும் ஓராண்டில் முடிந்துவிடுவதுண்டு. ‘மூன்று வருஷத்துக்குக் கட்டியாயிற்று’ என்ற நம்பிக்கையில் இரண்டாம் ஆண்டில் தம் காருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓட்டுவோர் பலர். மறுபுறம், 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாக வேறு நிறுவனத்திடம் வாங்கவும் வழி திறந்திருப்பதால், ஷோரூமில் முதலில் பாலிசி தந்த நிறுவனத்தோடே கட்டுப்பட்டிருக்க வேண்டிய தேவை இல்லை.

காருக்குள் இருப்பவர்கள் யார் பொறுப்பு?

மூன்றாம் நபர் பாலிசியை மட்டும் வைத்திருப்போர் அறியாத ஓர் இடைவெளி உண்டு. தனியார் காரில் கட்டணமின்றி உடன் செல்லும் உறவினரோ நண்பரோ, சட்டத்தின் பார்வையில் அந்தக் காப்பீட்டுக்குரிய மூன்றாம் நபர் அல்லர் என்று நீதிமன்றங்கள் கொண்டிருக்கின்றன. ஆகவே குடும்பத்தோடு செல்லும்போது கார் கவிழ்ந்தால், ‘ஆக்ட் ஒன்லி’ எனப்படும் அந்தப் பாலிசியிலிருந்து அவர்களுக்கு இழப்பீடு கிடைக்காது. இரண்டும் சேர்ந்த பாக்கேஜ் பாலிசியில் உடன் செல்வோருக்கான பொறுப்பும் அடங்கும் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. இந்த இடைவெளியின் கடுமையைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் ஒரு மேல்முறையீட்டை விசாரித்தபோது, புதிய வாகனங்கள் அனைத்துக்கும் ஐந்தாண்டு காலம் ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டு, நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதும் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. உத்தரவு மறைந்தாலும் அது சுட்டிய குறை அப்படியேதான் இருக்கிறது. பழைய கார்தானே என்று சொந்தச் சேதப் பகுதியைக் கைவிடுபவர், காரின் தகட்டை மட்டுமல்லாமல் பின்னிருக்கையில் அமர்பவர்களின் பாதுகாப்பையும் சேர்த்தே கைவிடுகிறார் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ஓட்டும் உரிமையாளரின் நிலை இதைவிடச் சிக்கலானது. தம் தவறால் நேர்ந்த விபத்தில் அவரே இறந்தால், அவருடைய குடும்பம் அவருடைய மூன்றாம் நபர் பாலிசியிலிருந்து இழப்பீடு கேட்க முடியாது. இந்தக் குறையை நிரப்பவே 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இங்கே யாருக்கும் தீங்கில்லாத ஒரு சேமிப்பும் இருக்கிறது: இக்காப்பீடு வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் ஒரே பெயரில் வைத்திருப்பவர் இரண்டுக்கும் தனித்தனியே இதைக் கட்டத் தேவையில்லை; இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 15 லட்சத்துக்குக் குறையாத வேறொரு விபத்து பாலிசி ஏற்கெனவே இருந்தால் அதையே காட்டலாம். விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது. மாறாக, தொலைதூரப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவரை அழைக்கும் வழக்கமுள்ள வீடுகள், கூலி பெறும் ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு என்ற சிறு கூடுதலைச் சேர்க்க வேண்டும். அதன் விலையும் மிகக் குறைவுதான்.

சொந்தச் சேதம்: பேரம் நடக்கும் இடம்

2007 ஜனவரி 1 வரை சொந்தச் சேதப் பிரீமியத்துக்கும் ஒரே கட்டண அட்டவணை இருந்தது. அதன்பின் விலை நிர்ணயம் நிறுவனங்களிடம் விடப்பட்டாலும், அந்தப் பழைய அட்டவணையே இன்றும் தள்ளுபடிகளைக் கணக்கிடும் அடித்தளமாக விளங்குகிறது. அது சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களை ‘ஏ’ மண்டலமாகவும் நாட்டின் பிற பகுதிகளை ‘பி’ மண்டலமாகவும் பிரித்து, காரின் வயது, என்ஜின் கொள்ளளவு, ஐ.டி.வி. ஆகியவற்றைக் கொண்டு விலையைக் கணக்கிட்டது. ஐ.டி.வி. என்பது கார் திருடுபோனாலோ சீர்செய்ய முடியாதபடி நொறுங்கினாலோ நிறுவனம் தரும் உச்சத்தொகை. ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 எனத் தேய்மானம் கழித்து அது பெறப்படுகிறது. 1,200 சி.சி. காருக்கு ஐ.டி.வி. 6 லட்சம் ரூபாய் என்றால், சென்னையில் பழைய அட்டவணையின் 3.283 சதவீதப்படி அடிப்படைப் பிரீமியம் 19,698 ரூபாய். நிறுவனங்கள் தரும் தள்ளுபடி இதிலிருந்தே தொடங்குகிறது.

ஒப்பீட்டுத் தளங்களில் ஆகக் குறைவாகத் தோன்றும் பிரீமியம் பல சமயம் ஐ.டி.வி.யைக் குறைத்துப் பெறப்பட்டதாக இருக்கும். மேற்சொன்ன காருக்கு 6 லட்சத்துக்குப் பதிலாக 5 லட்சம் என்று பதிந்தால் அட்டவணைப்படி 3,283 ரூபாய் குறையும். கிளெய்ம் செய்யாததற்காக ஐம்பது சதவீத போனஸ் பெற்றிருப்பவருக்கு அது ஏறக்குறைய 1,640 ரூபாயாகச் சுருங்கும். நிறுவனத் தள்ளுபடி போக உண்மையில் மிச்சமாவது அதனினும் குறைவு. அதற்காக, கார் திருடுபோனால் ஒரு லட்சத்தை இழக்க உரிமையாளர் உடன்படுகிறார். அது மட்டுமன்று, சீரமைப்புச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கொள்ளும் விதி இருப்பதால், ஐ.டி.வி.யைத் தாழ்த்துவது, சரிசெய்து ஓட்டியிருக்கக்கூடிய காரைக் கழிவாகக் கொடுத்துவிட வேண்டிய நிலைக்கும் இட்டுச்செல்லும். பல பாலிசிகளை ஒப்பிடும்போது முதலில் ஐ.டி.வி.யை எல்லாவற்றிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பிரீமியத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடப்படுவது ஒரே பண்டமன்று. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கான 7.5 லட்சம் ரூபாய் வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் சுமார் நூறு ரூபாய் மிச்சமாகும் என்று ஒரு தெரிவும் உண்டு. இன்றைய சாலைகளில் ஓடும் சொகுசுக் கார்களின் முகப்பு விளக்கு ஒன்றின் விலை தெரிந்தவர் எவரும் அதைத் தொடமாட்டார்.

பிரீமியத்தை முறையாகக் குறைக்கும் வழி, தாங்கக்கூடிய சிறிய இழப்புகளைத் தாமே ஏற்றுக்கொள்வதுதான். ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் கட்டாயமாகத் தம் கையிலிருந்து தர வேண்டிய பங்கு, 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இதற்கு மேலும் ஒரு தொகையைத் தாமே ஏற்பதாக எழுதித் தந்தால் தள்ளுபடி கிடைக்கும். பழைய அட்டவணையில் 2,500 ரூபாய் ஏற்பவருக்கு அதிகபட்சம் 750, 5,000 ஏற்பவருக்கு 1,500, 15,000 ஏற்பவருக்கு 2,500 ரூபாய் என்று இது வகுக்கப்பட்டிருந்தது. இதைக் கூர்ந்து நோக்கினால், 5,000 ரூபாய் ஏற்பவர் மூன்றரை ஆண்டுகளுக்கு ஒரு கிளெய்முக்கு மேல் செய்யாவிட்டால் இலாபத்தில் இருக்கிறார். 15,000 ஏற்பவரோ ஆறு ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டினால்தான் முதலை மீட்கிறார். ஆகப் பெரிய பங்கை ஏற்பதுதான் ஆக இலாபமானது என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. நிறுவனங்கள் இன்று வைத்திருக்கும் அளவுகள் மாறியிருக்கலாம். ஆனால் தள்ளுபடியால் ஏற்புத் தொகையை வகுத்துப் பார்க்கும் இக்கணக்கு எந்தப் பாலிசிக்கும் பொருந்தும்.

போனஸ் எனப்படும் என்.சி.பி.யின் கணக்கு இதைவிட முக்கியமானது. கிளெய்ம் செய்யாத முதல் ஆண்டுக்குப் பிறகு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதமும், தொடர்ந்து 25, 35, 45, 50 சதவீதமும் கழிவு கிடைக்கிறது. ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் அது சுழியத்துக்குத் திரும்புகிறது. போனஸுக்கு முந்தைய பிரீமியம் 10,000 ரூபாய் என்று கொண்டால், 50 சதவீத நிலையில் உள்ளவர் கிளெய்ம் செய்த அடுத்த ஆண்டு 5,000 ரூபாயும், அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் முறையே 3,000, 2,500, 1,500, 500 ரூபாயும் கூடுதலாகக் கட்டி, மொத்தம் 12,500 ரூபாயை இழக்கிறார். பம்பர் உடைந்து, டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் பில் வரும்போது, பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதித் தேய்மானமும் கட்டாயப் பங்கும் போக நிறுவனம் தருவது ஐயாயிரம்கூட இல்லாமல் போகக்கூடும் என்ற நிலையில், அதைக் கேட்டு வாங்குவது நட்டம். இந்த போனஸ் காருக்கு அன்றி உரிமையாளருக்கே சொந்தமானது. காரை விற்பவர் நிறுவனத்திடம் சான்று பெற்று மூன்று ஆண்டுகளுக்குள் புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காதவர் அதை முற்றிலும் இழக்கிறார்.

கூடுதல் பாதுகாப்புகளில் எதை எடுப்பது என்பது காரின் வயதையும் அது நிற்கும் தெருவையும் பொறுத்தது. பொதுவான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையும், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும், உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பப் பத்தாண்டுகளுக்கு மேல் 50 சதவீதம் வரையும் கழிக்கப்படுவதால், ‘ஜீரோ டெப்’ எனப்படும் தேய்மானமில்லாக் காப்பீடு, பிளாஸ்டிக்கே மிகுந்த இன்றைய கார்களுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் தகுந்ததுதான். சாவி தொலைதல், உடைமை தொலைதல் போன்றவை பெரும்பாலும் பாலிசியின் பட்டியலை நீட்டுவதற்காகவே இருக்கின்றன. ஆனால் சென்னையின் தாழ்வான பகுதிகளில் வாழ்வோருக்கு என்ஜின் பாதுகாப்பு வேறு விஷயம். வெள்ளச் சேதம் சாதாரணப் பாலிசியிலேயே அடங்கும் என்றாலும், நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிட்டால், அது வெள்ளத்தால் நேரடியாக நேர்ந்த சேதமன்று, உரிமையாளரின் செயலால் விளைந்த பின்விளைவு என்று நிறுவனங்கள் மறுக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பாடம் பலருக்குக் கிடைத்தது. அதன் பிறகு மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாக நிறுத்திவைக்கும் காட்சி உருவானது. பிரீமியமே இல்லாத காப்பீடு என்று அதைச் சொல்லலாம்.

ஆபத்து மிகுந்த ஓட்டுநர்

அமெரிக்காவில் காப்பீட்டின் விலை பெரும்பாலும் ஓட்டுநரைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்கெடுப்பால் நிறைவேறிய சட்டம், ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் தொலைவு, ஓட்டும் அனுபவம் என்ற மூன்றுமே விலையில் முதன்மை பெற வேண்டும் என்கிறது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர், தமக்குக் காப்பீடு உள்ளது என்பதற்கு எஸ்.ஆர்.-22 என்ற சான்றை நிறுவனத்தின் வழியாக மாநில அரசிடம் அளித்தாக வேண்டிய நிலை பல மாநிலங்களில் உண்டு. இந்தியப் பாலிசியோ பெரும்பாலும் வண்டியைத்தான் பார்க்கிறது. செல்லத்தக்க உரிமம் பெற்ற எவரும் உரிமையாளரின் இசைவோடு ஓட்டினால் காப்பீடு பொருந்தும் என்பதால், சென்ற மாதம் உரிமம் பெற்ற பத்தொன்பது வயது மகன் ஓட்டுவதற்கும், முப்பது ஆண்டு அனுபவமுள்ள தந்தை ஓட்டுவதற்கும் பிரீமியம் ஒன்றே. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும், உரிமமுள்ள பயிற்றுநர் அருகில் அமர்ந்து, ‘எல்’ பலகை மாட்டி ஓட்டும்வரை பாதுகாப்புக்குள் இருக்கிறார். கவனமாக ஓட்டுபவர்கள் கவனமற்றவர்களின் செலவைச் சுமக்கும் ஏற்பாடு இது என்று குறை சொல்லலாம். அந்தக் குறை நியாயமானதே.

இருப்பினும் ஆபத்து மிகுந்தவர்களை நிறுவனங்கள் வேறு வழிகளில் அடையாளம் காண்கின்றன. கடந்த ஆண்டுகளில் அடுத்தடுத்து கிளெய்ம் செய்தவர், பாலிசியைக் காலாவதியாக விட்டவர், பத்தாண்டைத் தாண்டிய கார் வைத்திருப்பவர் ஆகியோருக்குத் தள்ளுபடி மறுக்கப்படும், பிரீமியம் ஏற்றப்படும், சில வேளை சொந்தச் சேதக் காப்பீடே மறுக்கப்படும். இவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது, மூன்றாம் நபர் காப்பீட்டை நிர்ணயித்த கட்டணத்துக்கு வாங்கும் வழி எப்போதும் திறந்திருக்கிறது என்பது. ஆகவே முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, சொந்தச் சேதத்தைத் தனியாக வேறு நிறுவனங்களிடம் கேட்கலாம். 5,000 ரூபாயளவில் தாமே ஏற்கும் பங்கைச் சேர்த்தால் மறுப்பும் தளர்கிறது, விலையும் குறைகிறது. காலாவதியான பாலிசிக்கு வண்டியை நேரில் பார்வையிடுவார்கள், அல்லது கைப்பேசியில் காணொளி எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதற்குமுன் பழைய கீறல்களைச் சரிசெய்துவைப்பது பின்னாளில் வாதத்தைத் தவிர்க்கும். குறைவாக ஓட்டுபவர்களுக்கும் சீராக ஓட்டுபவர்களுக்கும் 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த புதிய வகைகள் உதவும்: ஓட்டும் கிலோமீட்டருக்கேற்பக் கட்டுவது ஒன்று, திடீர் பிரேக், வேகம் போன்றவற்றைக் கருவி வழியாக அளந்து கட்டணம் வகுப்பது மற்றொன்று. பின்னதில் ஒருவர் எங்கே, எப்போது போகிறார் என்ற விவரமும் நிறுவனத்திடம் சேரும் என்பதை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

போக்குவரத்து விதிமீறல்களைப் பிரீமியத்தோடு இணைக்கும் யோசனையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு ஒன்றால் 2021 ஜனவரியில் முன்வைக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10 புள்ளிகள் எனக் கணக்கிட்டு, தில்லியில் சோதனையாகத் தொடங்கலாம் என்றது அந்த அறிக்கை. அது வருமுன்பே குடித்து ஓட்டுபவரின் நிலை இரக்கத்துக்குரியதன்று: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சொந்தச் சேதமும் தனிநபர் விபத்துத் தொகையும் மறுக்கப்படும். மூன்றாம் நபர் பகுதியில்கூட, 2019 திருத்தச் சட்டம் போதையில் ஓட்டியதை நிறுவனம் எழுப்பக்கூடிய தற்காப்புகளுள் சேர்த்துவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பணிக்கும்போது, முன்னர்க் கணக்கிட்ட அந்த அறுபது லட்சம் மீண்டும் உரிமையாளரின் தலையிலேயே வந்து விழுகிறது. பதினெட்டு வயது நிறையாதவரிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கோ காப்பீட்டுப் பிரச்சினைக்கு முன்பே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கின்றன.

ஓன் போர்டு எனப்படும் சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விடுவோர், பதிவுச் சான்றில் ஏற்றாமல் எல்.பி.ஜி. கிட் பொருத்தியோர், முந்தைய கிளெய்மை மறைத்து போனஸ் பெறுவோர் ஆகியோரின் பாலிசிகள் பார்வைக்கு மலிவானவை. ஆனால் ஒரு நிறுவனத்தில் பதிவான கிளெய்ம் விவரத்தை மற்ற நிறுவனங்கள் காப்பீட்டுத் துறையின் தகவல் பணியகத்தின் வழியாகச் சரிபார்க்க முடிகிறது. வாடகைக்கு விடப்பட்ட காரின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் கிளெய்மை முழுதும் தள்ளாமல் ஒரு பகுதியைத் தரச் சொன்னது உண்மையே. அதற்குள் வழக்கு கடந்த ஆண்டுகளையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தால் மிஞ்சுவது சொற்பம். பழைய கார் வாங்குவோரும் இங்கே இடறுகிறார்கள்: பெயர் மாறியதும் மூன்றாம் நபர் பகுதி சட்டப்படி புதிய உரிமையாளருக்குத் தானாக மாறிவிடும், சொந்தச் சேதப் பகுதி அப்படி மாறாது. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றாதவர், அந்த இடைவெளியில் காரை இழந்தால் எதையும் பெற முடியாது. விற்றவரின் போனஸும் அவருக்கு வராது என்பதால் அந்த வேறுபாட்டையும் அவர் கட்ட வேண்டியிருக்கும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கையில் விளம்பரத்தில் வரும் சதவீதங்களைக் கவனத்தோடு படிக்க வேண்டும். வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு இழப்பீடாகப் போனது என்பதைக் காட்டும் விகிதம் ஒன்று, வந்த கிளெய்ம்களில் எத்தனை தீர்க்கப்பட்டன என்பதைக் காட்டும் விகிதம் வேறு. முன்னது நிறுவனத்தின் வரவுசெலவைச் சொல்கிறதேயன்றி, ஒரு தனிக் கிளெய்ம் எப்படி நடத்தப்படும் என்பதைச் சொல்வதில்லை. வீட்டுக்கு அருகில் நம்பிக்கையான பணிமனை எந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறது என்று விசாரிப்பது இவ்விகிதங்களைவிடப் பயன்தரும். ஷோரூமிலேயே பாலிசி எடுத்தாக வேண்டும் என்று எவரும் வற்புறுத்த முடியாது; வெளியே ஒரு விலை கேட்டுவந்து காட்டினால் அங்கேயே விலை இறங்குவதும் உண்டு. நியாயமற்ற முறையில் மறுக்கப்பட்ட கிளெய்முக்கு, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டாலோ வந்த தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவ்வலுவலகம் சென்னையில் இயங்குகிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அவர் தீர்ப்பளிக்கலாம், கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. புகாரோடு பாலிசியின் நகல், மறுப்புக் கடிதம், சர்வேயரின் அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும்; பாலிசி எடுத்தபோது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி முன்கூட்டியே படித்துவைப்பது நல்லது, ஏனெனில் முகவரோ ஷோரூம் ஊழியரோ தம் கையால் நிரப்பிய அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பல உரிமையாளர்களுக்கு அன்றுதான் தெரியவருகிறது.